ஈரத்துக்குப் போட்ட மூன்று கரண்டி

நான் பொறாமைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்துக்கொண்டே போய் நீங்களாகக் கண்டுபிடிக்கிற சிரமம் வேண்டாம். பக்கத்து வீட்டுக் கோழி இரண்டு முட்டை இட்டால் என் வீட்டுக் கோழியைத் திட்டுகிற ரகம். ஆனால் ஒரு சவுக்காரக் கட்டிக்காக இவ்வளவு தூரம் போவேன் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பொம்பளைகள் குளிப்பது பீலியில். மலை ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கி, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் சிமெந்துத் தரையில் விழ விட்டிருக்கிறார்கள், அதுதான் பீலி. மார்புக்கு மேல் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் நின்று குளிப்போம். அதனால் யார் என்ன சவுக்காரம் போடுகிறார்கள், யார் வீட்டுச் சவுக்காரம் நகத்தளவு தேய்ந்த பிறகும் புதிது வாங்காமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் லயத்துக்கே தெரியும். மூடி மறைத்துக் குளிக்கிறவர்களுக்கு இந்த வேதனை புரியாது.

அந்தப் பீலிக்கு முதன்முதலாகப் போத்தலோடு போனவள் நான். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த என் தங்கச்சி லீவில் வந்தபோது நான்கு பாடி வாஷ் போத்தல் தந்தாள். ஊதா நிறம். தலையை அழுத்தினால் புளிச்சென்று உள்ளங்கையில் விழும். என்ன வாசம்! அடுத்த லயத்திலிருந்தே மூக்கைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "அடியாத்தி, குவைத்துக்காரி வாறா, வழி விடுங்கடி" என்று கேலி செய்வார்கள். கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்காகவே நான் கூட்டம் சேரும் நேரம் பார்த்துக் குளிக்கப் போனேன்.

உண்மையைச் சொன்னால் அந்தச் சாமான் எங்கள் தண்ணீருக்குச் சரிப்படவில்லை. எத்தனை வாளி ஊற்றினாலும் உடம்பில் வழுவழுப்புப் போகாது. பல் கிட்டுகிற குளிரில் இன்னும் ஒரு வாளி, இன்னும் ஒரு வாளி என்று ஊற்றிக்கொண்டு நிற்க வேண்டும். கொழுந்து பறித்துக் கறுத்துப்போன விரல்களிலும் அது ஒன்றும் செய்யாது. விடுவேனா? தங்கச்சி தந்தது தீர்ந்ததும் ஹட்டன் டவுனில் அதே ஊதா நிறத்தில் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கினேன். மகளுக்கும் அதையே கொடுத்தேன்.

எனக்கு ஒரே மகள். பதினேழு வயது, கொட்டகலையில் உயர்தரம் படிக்கிறாள். அவளுக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அரிப்பு வந்தது. தோல் திட்டுத்திட்டாகத் தடித்து, சொறிந்து சொறிந்து இரத்தம் கசியும். பனிக்கு வருவது, வெயில் வந்தால் போய்விடும் என்று சொன்னேன். வெயில் வந்தது, அரிப்புப் போகவில்லை.

இங்கேதான் சின்னவள் வருகிறாள். என் புருசனின் தம்பி மனைவி. வீட்டில் என்னைப் பெரியவள் என்றும் அவளைச் சின்னவள் என்றும் சொல்வது பழக்கம். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு சுவர். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். கல்யாணமாகிப் பதினோரு வருசம், பிள்ளை இல்லை. வாய் அதிர்ந்து பேசமாட்டாள். அதுவே எனக்குப் பிடிக்காது. சண்டை போட்டால் திருப்பிப் போட வேண்டாமா ஒரு மனுசி?

கொட்டகலையில் பெண்களுக்குச் சவுக்காரம் செய்யச் சொல்லித் தருகிறார்கள், மூன்று நாள் பயிற்சி என்று ஒரு நாள் மாதர் சங்கத்துக்காரர்கள் வந்து கூப்பிட்டார்கள். எங்கள் இரண்டு பேரையும்தான் கூப்பிட்டார்கள். "மூணு நாள் வேலையை விட்டுட்டுச் சவுக்காரம் கிண்டப் போகணுமா? எனக்கு வேற சோலி இருக்கு" என்று நான் சொன்னேன். சின்னவள் மூன்று நாளும் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள்.

அவள் செய்தது பார்க்க ஒன்றும் அழகில்லை. தேங்காய் எண்ணெய், வேப்பிலைச் சாறு, தேநீர் வடித்த சக்கையைக் காயவைத்து இடித்த தூள். பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் ஊற்றி இறுக வைத்து, வாழைக்காய் வறுவலுக்கு நறுக்குகிற மாதிரி வட்ட வட்டமாக வெட்டினாள். அதை அடுப்புக்கு மேலே விறகு அடுக்கி வைக்கிற அட்டலில் ஒரு மாதம் காய வைத்தாள். சாணி நிறத்தில் இருந்தது. "இதையா உடம்புல பூசப் போற? மாட்டுக்குப் போடு" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு ஒரு வட்டத்தை எடுத்து என் மகளிடம் கொடுத்தாள்.

மூன்றே வாரம். கழுத்தில் இருந்த திட்டுக்கள் காய்ந்து உதிர்ந்து தோல் பளிச்சென்று வந்தது. "சித்தி சவுக்காரம் போட்டதுலருந்து அரிப்பே இல்லம்மா. அந்தப் போத்தலை நீயே வச்சுக்க" என்றாள் மகள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் டவுன் டவுனாகத் தேடி வாங்கிக் கொடுத்தது வேண்டாம், மாட்டுச் சாணி மாதிரி இருப்பது வேண்டுமாம்.

அதன் பிறகு லயமே மாறிவிட்டது. ஆளுக்கொரு சாணி வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பீலிக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர்கூட. "நல்லாத்தான்டி இருக்கு, மெஷின் எண்ணெய்கூடப் போவுது" என்று கையை நீட்டிக் காட்டினார். அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. "அப்ப உங்க தம்பி பொண்டாட்டிகிட்டயே சோறும் வாங்கித் தின்னுங்க" என்றேன். ஆள் இல்லாத ஒரு மத்தியானம், மகளுடைய கட்டியை எடுத்துக்கொண்டுபோய் நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீரில் நுரை முழுக்கப் போய்விட்டது. விரலில் இருந்த கொழுந்துக் கறை பாதி குறைந்தது. நன்றாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சவுக்காரத்தைக்கூட மன்னித்திருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப் பையை என் வீட்டில் எறிந்துவிட்டு மகள் நேரே சித்தி வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கே சவுக்காரம் வெட்டுவது, தாளில் சுற்றுவது, கொப்பியில் அளவுகளை எழுதி வைப்பது. இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் சுவரைத் தாண்டி வரும். என்னிடம் பேச அவளுக்கு இருந்தது மூன்றே சொல்: ம், இல்ல, பசிக்குது. சுமந்து பெற்றது நான், சிரிப்பு அவளுக்கா? சுவரில் காது வைத்துக் கேட்டிருக்கிறேன். என்ன பேசுகிறார்கள் என்று விளங்காது, சிரிப்பு மட்டும் கேட்கும்.

ஆடி மாதத்து மழையில் ஒரு நாள், காய்ச்சல் என்று பொய் சொல்லி வேலைக்குப் போகாமல் நின்றேன். நானும் சவுக்காரம் செய்வதென்று முடிவு. மகளுடைய கொப்பியில் எல்லா அளவும் இருந்தது. எண்ணெயை இறுக்கிச் சவுக்காரமாக்குகிற காஸ்டிக் சோடாவை முன்னமே ஹட்டனில் வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். நிறுக்கிற சின்னத் தராசு சின்னவள் வீட்டில். அவள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். கதவு பூட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. எடுத்துக்கொண்டு வந்தேன். திருட்டு என்று சொன்னால் சொல்லுங்கள்.

என் திட்டம் இதுதான். அதே குழாய், அதே வெட்டு, அதே நிறம். சித்தி தந்தது என்று சொல்லி மகளிடம் கொடுப்பது. அவள் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை சித்தி ரொம்ப நல்லாச் செஞ்சிருக்காங்க" என்று சொல்ல வேண்டும். அப்போது நான் அடுப்பைப் பார்த்தபடியே, ஒன்றும் பெரிதில்லை என்கிற மாதிரி, "அது உங்கம்மா செஞ்சதுடி" என்று சொல்வேன். அந்த ஒரு வாக்கியத்தைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் தெரியுமா?

சோடாவைத் தராசில் போட்டபோதுதான் கவனித்தேன், பாக்கெட்டுக்குள் ஈரம் பிடித்துக் கட்டிகட்டியாக இருந்தது. எங்கள் மழையில் உப்பே நிற்காது, சோடா எப்படி நிற்கும்? இருபத்திரண்டு வருசமாகக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நின்றவள் நான். மழை நாளில் தராசு இருபது கிலோ காட்டினால் பதினேழுதான் எங்கள் பேருக்கு விழும். மிச்சம் ஈரத்துக்குக் கழிவு. ஈரம் இருந்தால் தராசு காட்டுவது நிஜ நிறை இல்லை என்பது என் இரத்தத்தில் ஊறிப்போன பாடம். ஆகவே இந்தச் சோடாவிலும் நிறையத் தண்ணீர்தான் இருக்கிறது, குறைகிறதை நான்தான் ஈடுகட்ட வேண்டும் என்று யோசித்தேன். கொப்பியில் இருந்த அளவுக்கு மேலே மூன்று கரண்டி குவித்துப் போட்டேன். எவ்வளவு கெட்டிக்காரி என்று அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அரிசி வாளிக்குப் பின்னால் ஒரு மாதம் காய வைத்தேன். கொடுப்பதற்கு முன்னால் தேய்த்துப் பார்க்காமலும் இல்லை, பார்த்தேன். உள்ளங்கையிலும் விரலிலும் தேய்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. என் கையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. முள் குத்தினாலே மறுநாள்தான் தெரியும். அந்தக் கையை நம்பி, சித்தி தந்தது என்று சொல்லி மகளிடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். "அம்மா! எரியுது! எரியுதும்மா!" என்று பீலியிலிருந்து சத்தம். ஓடினேன். கழுத்து, தோள், அக்குள் எல்லாம் இரத்தச் சிவப்பு. அவள் தோலைப் பிய்த்துவிடுகிற மாதிரி துடித்தாள். நான் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். கூட்டம் கூடிவிட்டது. "என்னாடி பூசுன?" என்று யாரோ கேட்டார்கள். "சித்தி சவுக்காரம்தான்" என்று மகள் அழுதாள். சின்னவள் துவாயை எடுத்துக்கொண்டு அப்போதுதான் ஓடி வந்து சேர்ந்தாள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. வந்தது வேறு. "புள்ள பெத்திருந்தாத்தானே புள்ளையோட தோலைப் பத்தித் தெரியும்! எதையோ கிண்டுறது, எதையோ குடுக்குறது!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே தண்ணீரையும் ஊற்றினேன். சின்னவள் துவாயைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன். மருந்து பூசிய நர்ஸ் மிஸ், என்ன பூசினாள் என்று சிங்களத்தில் கேட்டார். வீட்டில் செய்த சவுக்காரம் என்றேன். யார் செய்தது என்று கேட்டார். என் கொழுந்தன் பெண்டாட்டி என்றேன். அவருக்கு அது தேவையே இல்லை, சும்மாதான் கேட்டார். அவருக்குக்கூட நான் பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் மிச்சக் கட்டிகளை எடுத்துக்கொண்டுபோய் மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் எறிந்து, மேலே மண்ணைத் தள்ளினேன்.

பிறகு நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. மகள் சித்தி வீட்டுப் பக்கம் போகவில்லை. கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு என் அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள். நான் மருந்து பூசிவிட்டேன், தலை வாரிவிட்டேன். "அம்மா, கொஞ்சம் ஊதி விடு" என்பாள். ஊதி விடுவேன். சந்தோசமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோசமாகத்தான் இருந்தது. லயத்துப் பொம்பளைகள் ஒவ்வொருத்தராகச் சவுக்காரக் கட்டியைச் சின்னவளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தி வாசலோடு எறிந்துவிட்டுப் போனாள்.

ஒரு பின்னேரம், எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருக்கும் இஸ்தோப்புத் திண்ணையில் சின்னவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். திருப்பி வந்த கட்டிகளையெல்லாம் வரிசையாக வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து நனைத்து, தன் முழங்கையின் உள்பக்கம் தேய்த்தாள். எரிகிறதா என்று காத்திருந்தாள். கழுவினாள். அடுத்ததை எடுத்தாள். எந்தக் கட்டி என் மகளைச் சுட்டது என்று தேடுகிறாள். இருபது முப்பது கட்டி இருக்கும். ஒன்றும் சுடவில்லை. நான் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வெளியே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தாள். கையில் ஹட்டனில் வாங்கிய ஊதாப் போத்தல். என்னுடையதைவிடப் பெரியது. "அக்கா, புள்ளைக்கு நீங்க குடுத்ததுதான் சரி. இதையே குடுங்க. நான் இனிமே செய்யப்போறதில்ல. எனக்கு ராசியில்லாத கை" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, போத்தலைத்தான் பார்த்துப் பேசினாள். நான் வாங்கிக்கொண்டேன். கொண்டுபோய் உள்ளே வைத்தேன். நான் ஜெயித்துவிட்டேன்.

புண் ஆறியதும் மகள் போத்தலைப் போட ஆரம்பித்தாள். பத்து நாள் போயிருக்கும், புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே முழங்கையைச் சொறிந்தாள். பிறகு கழுத்து. ஆறிய புதுத் தோலில் மறுபடியும் திட்டுத்திட்டாகத் தடித்தது. "போத்தலை விட்டுடு" என்றேன். "வேற என்னத்தப் போடுறது? சித்தி சவுக்காரத்தை நினைச்சாலே பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சொறிந்தாள். நகத்தில் இரத்தம். அவள் தோலுக்கு ஒத்துக்கொண்டது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதையும் நான்தான் இல்லாமல் செய்திருந்தேன். சின்னவள் தன் கையை நம்பி மறுபடியும் அடுப்பேற்றினால்தான் வழி. அவளிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் பேசியது பீலியில், எல்லாருக்கும் கேட்க.

ஞாயிற்றுக்கிழமை பீலி நிறைய ஆள். சின்னவள் ஒரு ஓரமாக உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் ஓரமாகத்தான் நிற்பாள். மகள் துவாயோடு படியில் நின்றாள். "அன்னைக்குப் புள்ளையச் சுட்டது சின்னவ செஞ்ச சவுக்காரம் இல்ல. நான் செஞ்சது" என்றேன். "என்னாது?" என்று ஒருத்தி கேட்டாள், தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லையாம். மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் தடவையைவிட இரண்டாம் தடவை சொல்வதுதான் கஷ்டம்.

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சோடா எவ்வளவு போட்டீங்க அக்கா?" என்று கேட்டாள்.

சொன்னேன். ஈரமாக இருந்ததையும் மூன்று கரண்டி கூடப் போட்டதையும் சொன்னேன். "ஏண்டி, அதென்ன கொழுந்தா ஈரக் கழிவு பார்க்க? சோடா கூடுனா தோலைச் சுடாதா?" என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். சின்னவள் சிரிக்கவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, சவுக்கார நுரையோடு இருந்த தன் கைகளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "அப்ப எங் கையில ஒரு குத்தமும் இல்ல" என்றாள். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் படியிறங்கி வந்தாள்.

"நீ செஞ்சது தப்பாப் போச்சு, அது பரவாயில்லம்மா. தெரியாமத்தான போட்ட" என்றாள். "எரியுதுன்னு நான் கத்துனப்ப நீதான் தண்ணி ஊத்துன. ஊத்திக்கிட்டேதான் சித்தியைப் பாத்து அந்தப் பேச்சுப் பேசுன. அது உன் சவுக்காரம்னு அப்பவே உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

அவள் என்னை விட்டுத் திரும்பினாள். குனிந்து சித்தியின் கையைத் தண்ணீரில் காட்டிக் கழுவிவிட்டாள். துவாயைச் சித்தியின் தோளில் போர்த்தி, தோளைப் பிடித்துப் படியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். பொம்பளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவ்வளவு நடந்த பிறகும், அந்தத் தோளில் இருக்கிற கை என் தோளில் இருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது.